தொண்ணூற்றேழாம் பக்கம்

ஜூன் 18

இல்லை அக்கா, வேலை அதிகம் என்பதால் எழுதாமல் இருக்கவில்லை. எழுதினால் இதைக் கேட்க வேண்டி வரும். அதனால்தான்.

அண்ணன் அனுப்பிய சீட்டு ஒன்று திரும்பி வந்திருக்கிறது.

சீட்டு வேலை எப்படி நடக்கிறது என்று நீ ஒருமுறையும் கேட்டதில்லை. கதவிடுக்கில் வருவதை எடுத்து உறையில் போட்டு அனுப்புவதோடு உன் பங்கு முடிந்தது என்பாய். அதனால் சொல்கிறேன். ஆங்கிலத்துக்குள் வந்து தங்கிவிட்ட அயல் சொற்களுக்கு நாங்கள் ஒரு தமிழ் அகராதி தயாரிக்கிறோம். ஜப்பானியமும் வங்காளமும் அண்ணன் பங்கு. ஒரு சொல்லுக்கு ஒரு சீட்டு. மேலே சொல். அதன் கீழே அது பிறந்த மொழி, பொருள், ஓர் எடுத்துக்காட்டு. எடுத்துக்காட்டு அச்சான ஆங்கிலப் புத்தகம் ஒன்றில் இருந்தே ஆக வேண்டும். அதைத் தமிழாக்கி எழுதி, புத்தகத்தின் பெயரும் பக்க எண்ணும் குறிக்க வேண்டும். மூலையில் தேதி. பிறகு சரிபார்ப்பவர் நூலகத்துக்குப் போய் அந்தப் பக்கத்தைத் திறந்து பார்ப்பார். இருந்தால் பச்சை மையில் ஒரு குறி. இல்லாவிட்டால் சீட்டு என் மேசைக்கு வரும்.

ஐந்து வருஷத்தில் அவன் சீட்டு ஒன்றுகூட என் மேசைக்கு வந்ததில்லை. நேற்று வந்தது.

சரிபார்ப்பவர், கண்ணாடியை நெற்றியில் ஏற்றிவிட்டு அதையே தேடுகிற ஆள். சீட்டை வைத்துவிட்டு, "ஏம்மா, உங்க அண்ணன் பெரிய ஆளுதான். எண்பத்தெட்டுப் பக்கப் புஸ்தகத்துல தொண்ணூத்தேழாம் பக்கத்தைப் படிச்சிருக்காரு" என்றார். பக்கத்து மேசைக்காரி சிரித்தாள். நானும் சிரித்தேன்.

சொல், சுனாமி. பொருள், துறைமுக அலை. அதுவரை சரி. வாக்கியம் இது: 'நடுக்கடலில் இருந்தவளுக்கு அலை தெரியவில்லை. அவள் திரும்பி வந்தபோது துறைமுகம் இல்லை.'

இந்தச் சொல்லைப் பற்றி எழுதுகிறவர்கள் எல்லாரும் மீனவர்களைத்தான் சொல்வார்கள். இவன் ஒரு பெண்ணைச் சொல்கிறான்.

அவனிடம் கேட்டுச் சொல். கதவுக்கு வெளியே நின்று, கத்தாமல். பக்கம் கிடைக்காவிட்டால் அவன் சீட்டுகள் எல்லாவற்றையும் மறுபடி பார்ப்பார்கள். பார்த்துவிட்டு வேலையை நிறுத்துவார்கள். அறையைவிட்டு வெளியே வராதவனுக்கு வெளியோடு இருக்கிற ஒரே கயிறு இது. உனக்குத் தெரியாததில்லை.

வழக்கம்போல வெற்றுச் சீட்டு ஒரு கட்டு இத்துடன் வருகிறது. எழுதிய சீட்டு வந்தால் வெற்றுச் சீட்டு திரும்பிப் போக வேண்டும் என்பது உறை பிரிப்பவரின் சட்டம்.

சின்னவள்


ஜூன் 24

சின்னவளுக்கு,

கேட்டேன். கதவைத் தட்டி, "டேய், உன் தங்கச்சி பக்கம் கேக்குறா, எந்தப் பக்கம்டா?" என்றேன். பதில் இல்லை. பதில் வந்த நாள் எது, நீயே சொல்லு.

கத்தாமல் கேள் என்று எனக்கே பாடம் எடுக்கிறாய். இந்த வீட்டில் குரலை உயர்த்திப் பேசி எத்தனை நாளாகிறது தெரியுமா? தையல் மெஷின்கூட என்னைவிடச் சத்தமாகப் பேசும். அதுவும் இப்போது பேசுவதில்லை, பெல்ட் அறுந்து கிடக்கிறது. பதினோரு சட்டை வெட்டாமல் இருக்கிறது. எதிர்வீட்டுக்காரி தினம் வந்து, "என்ன அக்கா, என் வீட்டுக்காரர் சட்டை இந்த ஜென்மத்துல கிடைக்குமா?" என்கிறாள். கிடைக்கும் என்கிறேன். எந்த ஜென்மம் என்று சொல்வதில்லை.

அவளே சொன்னாள்: "உங்க தம்பி இப்பல்லாம் நல்லா இருக்கான் போல. சாயங்காலமானா டாண்ணு லைட்டு எரியுது. குனிஞ்சு எழுதிக்கிட்டே இருக்கான், ஜன்னல்ல நிழல் தெரியுது." சந்தோஷமாகத்தான் சொன்னாள்.

ஒரு எண் தப்பாகிவிட்டது. அதற்குப் போய் இத்தனை பெரிய கடிதமா. மனுஷன்தானே எழுதுகிறான். அழித்துவிட்டு வேறு எண் போட்டுக்கொள்.

அக்கா


ஜூன் 30

வேறு எண் போட்டுக்கொள்ள முடியாது. அதைத்தான் இத்தனை வருஷமாக உனக்குப் புரியவைக்க முடியவில்லை.

சரிபார்ப்பவரைக் கெஞ்சி, மார்ச்சிலிருந்து வந்து இன்னும் பச்சைக் குறி விழாத அண்ணனின் சீட்டுகளை நானே வாங்கிக்கொண்டேன். ஐந்து. இரண்டு நாள் நூலகத்தில் இருந்தேன். அங்கே மின்விசிறிக்குக் கீழே உட்கார முடியாது, பக்கங்கள் பறக்கும். வியர்க்க வியர்க்க ஒவ்வொன்றாகத் திறந்தேன்.

ஃபூட்டான். ஜப்பானியம். இரவில் விரித்து, பகலில் மடித்து வைக்கும் மெத்தை. 'மடித்தது மடித்தபடியே இருக்கிறது.' பக்கம் 9. மார்ச் 12.

கரோக்கி. ஜப்பானியம். வெறுமை என்ற சொல்லோடு, ஆங்கிலத்திடமிருந்தே வாங்கிய இசைக்குழு என்ற சொல்லைச் சேர்த்தது. கொடுத்தவர்களுக்கே வெறுமையைச் சேர்த்துத் திருப்பிக் கொடுத்தாயிற்று. 'பாடகன் இல்லை, இசை மட்டும் ஓடிக்கொண்டிருந்தது.' பக்கம் 31. ஏப்ரல் 3.

பங்களா. வங்காளத்து வீடு. 'ஒருத்திக்கு இத்தனை கதவு எதற்கு.' பக்கம் 64. மே 6.

சுனாமி. பக்கம் 97. ஜூன் 8.

இந்த வாக்கியங்கள் எந்தப் புத்தகத்திலும் இல்லை. சொன்ன பக்கத்தில் இல்லை, முன்னும் பின்னும் இல்லை.

ஐந்தாவது டிங்கி. வங்காளம். சிறு படகு, பெரிய கப்பலின் பின்னால் கயிற்றில் கட்டி இழுத்துப் போவதும் உண்டு. 'கயிறு அறுந்ததல்ல. டிங்கி தானே அவிழ்த்துக்கொண்டது. கப்பலின் மேல் பிழை இல்லை.' இதில் பக்கமும் இல்லை, தேதியும் இல்லை. வாக்கியத்தின் மேல் ஒரு கோடு. படிக்க முடிகிற மாதிரியான கோடு.

அந்தக் கோட்டை எனக்குத் தெரியும். ரிக்‌ஷா சீட்டு நினைவிருக்கிறது. மூன்று வருஷம் முன்பு அனுப்பினான். ஜின், ரிக்கி, ஷா. மனிதன், விசை, வண்டி. ஆங்கிலம் முதல் சொல்லை விட்டுவிட்டு மற்றதை எடுத்துக்கொண்டது. கீழே 'மனிதனை இறக்கிவிட்டு வண்டி போகிறது' என்று எழுதி, உடனே கோடு போட்டு அடித்திருந்தான். சொந்த வாக்கியம் வந்துவிட்டால் அடித்துவிடுவான். தன்னைத் தானே அடிப்பதுபோல. மற்ற நான்கிலும் அந்தக் கோடு இல்லை.

நேற்று மேசையில் சும்மா கணக்குப் போட்டேன். மார்ச் 12லிருந்து ஒன்பது நாள் பின்னால் போனால் மார்ச் 3. ஏப்ரல் 3லிருந்து முப்பத்தோரு நாள். மார்ச் 3. மே 6லிருந்து அறுபத்து நான்கு. மார்ச் 3. ஜூன் 8லிருந்து தொண்ணூற்றேழு.

நாலுமுறை போட்டேன் அக்கா.

மார்ச் மூன்றாம் தேதி வீட்டில் என்ன நடந்தது?


ஜூலை 7

மார்ச் மூன்று ஒரு சாதாரண நாள். காலையில் தண்ணீர் வந்தது. குடம் பிடித்தேன்.

நீ படித்தவள், கணக்கு போடுவாய். போடு. ஐந்து வருஷத்தில் எத்தனை தட்டு அந்தக் கதவுக்கு முன்னால் வைத்தேன், அதையும் போடு. கல்யாணப் பேச்சு மூன்று வந்ததே, மூன்று பேரும் "அந்த ரூம்ல யாரு?" என்று கேட்டுவிட்டுப் போனார்களே, அதையும் சேர்த்துக்கொள். அவன் இப்படி அறைக்குள்ளேயே அடைந்து கிடப்பதற்கு ஜப்பானியத்தில் ஒரு சொல் இருக்கிறது, அதை இங்கிலீஷ்காரர்களும் எடுத்துக்கொண்டார்கள் என்று போன வருஷம் பெரிய கண்டுபிடிப்பு மாதிரி எழுதினாய். பெயர் கிடைத்ததில் உனக்கு நிம்மதி. எனக்குத் தட்டுக் கழுவுகிற வேலை அப்படியே இருந்தது.

நீ நடுக்கடலில் இருந்தாய். அங்கே எதுவும் தெரியாது.

இனி இதைப் பற்றி எழுதாதே.


ஜூலை 8

நேற்றைய கடிதத்தைப் பெட்டியில் போட்டுவிட்டுத் திரும்பும்போதே தெரிந்தது, நடுக்கடல் என்ற வரியில் நானே சொல்லிவிட்டேன் என்று. நீ படித்ததும் சுனாமி சீட்டை எடுத்துப் பார்ப்பாய்.

ஆமாம். நான்தான்.

மார்ச் மூன்று காலையில் தட்டை எடுக்கப் போனேன். தட்டு கழுவிக் கவிழ்த்திருந்தது. ஐந்து வருஷத்தில் அவன் தட்டைக் கழுவியதில்லை. கதவைத் தொட்டேன், திறந்துகொண்டது. மெத்தை மடித்திருந்தது. புத்தகமெல்லாம் சுவரோரம் உயரவாரியாக அடுக்கியிருந்தது. செருப்பு இல்லை. ஐந்து வருஷம் போடாத செருப்பு அவன் காலுக்குச் சரியாக இருந்திருக்குமா என்றுதான் முதலில் தோன்றியது. பார், அதைத்தான் நினைத்தேன்.

தேடாமல் இல்லை. பேருந்து நிலையம், ஆஸ்பத்திரி, போலீஸ். போலீஸில், "எத்தனை வயசு?" என்று கேட்டார்கள். சொன்னேன். "முப்பத்து நாலு வயசு ஆம்பளை வீட்டைவிட்டு வெளிய போனதுக்கெல்லாம் புகார் எடுக்கணும்னா நாங்க தூங்க முடியாதும்மா" என்றார். பக்கத்தில் இருந்தவரும் சிரித்தார்.

உனக்கு ஏன் சொல்லவில்லை? சொன்னால் வேலையை விட்டுவிட்டு ஓடி வருவாய் என்று நினைத்தேன். இது பாதி. மீதி என்னவென்றால், சொன்னால் அது நடந்ததாகிவிடும். ஒன்பது நாள் பொறுத்தேன். பத்தாவது நாள் உன்னிடமிருந்து, "சீட்டு ஏன் வரவில்லை?" என்று அட்டை வந்துவிடுமே என்று பயம். அவன் நாற்காலியில் உட்கார்ந்து, அவன் பேனாவில் எழுதினேன். கையெழுத்து கஷ்டமே இல்லை. ஒன்றாம் வகுப்பில் அவன் கையைப் பிடித்து எழுத வைத்தது நான்தானே. அது என் எழுத்துதான், அவனிடம் கொஞ்ச நாள் இருந்தது. சொல்லும் பொருளும் அவன் நோட்டில் இருந்தன. வாக்கியம் மட்டும் இல்லை. நானே எழுதினேன். பக்க எண் என்று ஓர் இடம் காலியாக இருந்தது. மனசில் ஓர் எண் இருந்தது, போட்டேன். அவன் போய் இத்தனையாவது நாள் என்று. காலையில் எழுந்ததும் எனக்கு வருகிற முதல் எண் அது. நீ கணக்குப் போட்டுக் காட்டும்வரை அதைத்தான் எழுதினேன் என்று எனக்கே தெரியாது.

கதவைத் தட்டிக் கேட்டேன் என்று எழுதியது பொய் இல்லை. கேட்டேன்.

தட்டும் வைக்கிறேன். வைத்துவிட்டு, உள்ளே போய், கதவைச் சாத்திக்கொண்டு நானே சாப்பிடுகிறேன். அவனைப் போல, சத்தம் வராமல். சாயங்காலம் விளக்குப் போட்டு அவன் நோட்டைப் படிக்கிறேன். எதிர்வீட்டுக்காரி பார்த்த நிழல் யாருடையது என்று புரிகிறதா? அவள் சொன்னபோது ஒரு நொடி நானும் நம்பினேன். ஓடிப்போய்ப் பார்த்தேன். நாற்காலி சூடாக இருந்தது. நான் எழுந்து போன சூடு.

இன்னொன்று. இதை யாரிடமும் சொன்னதில்லை. மார்ச் இரண்டாம் தேதி மெஷினில் விரலைக் குத்திக்கொண்டேன். இரத்தம் நிற்கவில்லை. "டேய், பஞ்சு எடுத்துட்டு வாடா" என்று கூப்பிட்டேன். உள்ளே பக்கம் புரளுகிற சத்தம் கேட்டது. வரவில்லை. கதவில் வாயை வைத்துச் சொன்னேன்: "செத்தா மட்டுமாவது சொல்லிட்டுச் சாவுடா."

பக்கம் புரளுகிற சத்தம் நின்றது.

நான் எழுதியது நான்கு சீட்டு. எண்ணிப் பார்த்துவிட்டுத்தான் சொல்கிறேன். டிங்கி நான் எழுதவில்லை. அவன் நோட்டில் அந்தச் சொல்லே இல்லை. உன் கடிதத்தில்தான் அந்த வாக்கியத்தை முதல்முறை படித்தேன். நேற்று ஏன் அப்படிக் கோபமாக எழுதினேன் என்றால், அதைப் படித்துவிட்டு என்ன செய்வதென்று தெரியவில்லை.

கப்பலின் மேல் பிழை இல்லை என்றா எழுதியிருந்தது? மறுபடி பார்த்துச் சொல்.

அக்கா


ஜூலை 15

அக்கா,

பார்த்தேன். அப்படித்தான் எழுதியிருக்கிறது. 'கப்பலின் மேல் பிழை இல்லை.' மேலே கோடு.

உன் கடிதத்தைப் படித்துவிட்டு அரைமணி நேரம் கழிவறையில் இருந்தேன். பிறகு கீழே, உறை பிரிப்பவரிடம் போனேன். எந்த உறை எந்த நாள் எங்கிருந்து வந்தது என்று அவர் ஒரு பதிவேடு வைத்திருக்கிறார். உன் உறைகள் எல்லாம் வரிசையாக இருந்தன. மே 21இல் வேறொரு வரி. 'ஒற்றைச் சீட்டு. அனுப்பியவர் பெயர் இல்லை. முகவரி இல்லை. முத்திரை: துறைமுகத் தபால் நிலையம்.' ஊரின் பெயர் பாதிதான் பதிந்திருந்ததாம், ஆனாலும் எழுதி வைத்திருந்தார்.

"கையெழுத்து உங்க அண்ணனோடதுன்னு பார்த்ததுமே தெரிஞ்சுதும்மா. அவரு சீட்டுக்கட்டோடவே சேர்த்துட்டேன்" என்றார். பிறகு இழுப்பறையைத் திறந்தார். நூலால் கட்டிய வெற்றுச் சீட்டு ஒரு கட்டு. "சீட்டு வந்தா கட்டு போகணும். எங்க அனுப்புறதுன்னு தெரியல. ரெண்டு மாசமா இது எம்மேல கடன் மாதிரி கிடக்குது. நீங்களாவது எடுத்துக்கிட்டுப் போங்க."

அவன் எங்கோ ஒரு துறைமுகத்தில், மே மாதத்தில், கையில் பேனாவோடு இருந்தான். அது மட்டும் தெரியும். இன்றைக்கு இருக்கிறானா என்று தெரியாது. நீ தெரியாததை இருப்பதாக எழுதினாய். நானும் இப்போது அதையே செய்துவிடுவேனோ என்று பயமாக இருக்கிறது.

ஆனால் அவன் கேட்டிருக்கிறான். பக்கம் புரளுகிற சத்தம் ஏன் நின்றது என்பதற்கு அந்தச் சீட்டுதான் பதில். மார்ச் இரண்டுக்குப் பதில் மே இருபத்தொன்றில் வந்திருக்கிறது. அவன் வேகம் அவ்வளவுதான், உனக்குத் தெரியும். உன்னிடம் எப்படிச் சொல்வதென்று தெரியாமல், தனக்குத் தெரிந்த ஒரே வடிவத்தில் எழுதியிருக்கிறான். நீ எழுதிய நான்கும் அப்படித்தான். என்னிடம் எப்படிச் சொல்வதென்று தெரியாமல்.

நான்கையும் அகராதியிலிருந்து எடுத்துவிட்டேன். எண் தப்பு என் தவறு, நானே படியெடுத்தபோது நேர்ந்தது என்று மேலதிகாரிக்கு எழுதிக் கொடுத்தேன். சரிபார்ப்பவர் என்னை நம்பவில்லை. கண்ணாடியை நெற்றியிலிருந்து இறக்கி, என்னைப் பார்த்துவிட்டு, "சரிம்மா, அண்ணனை விசாரிச்சதாச் சொல்லுங்க" என்றார். அந்த இடங்களுக்கு வேறு எடுத்துக்காட்டு தேடுகிறேன். உன்னுடையவை அளவுக்கு நல்ல வாக்கியங்கள் புத்தகங்களில் இல்லை.

வெற்றுச் சீட்டுக் கட்டை அந்தத் துறைமுகத் தபால் நிலையத்துக்கு அவன் பெயரில் அனுப்பிவிட்டேன், கேட்டு வந்தால் கொடுக்கும்படி. கடிதம் எதுவும் வைக்கவில்லை. முதல் சீட்டில் மட்டும் 'அக்காவுக்கு' என்று எழுதி, மற்றதைக் காலியாக விட்டிருக்கிறேன்.

இப்போது ஒன்று கேட்கிறேன், கோபப்படாதே. ஜூலை எட்டாம் தேதிக் கடிதத்தை எங்கே உட்கார்ந்து எழுதினாய்? சமையலறையிலா, மெஷின் பக்கத்திலா? உன் உறையில் எப்போதும் ஒரு நூல்துண்டு ஒட்டிக்கொண்டு வரும். நாலு மாதமாக இல்லை. பழைய புத்தக வாசனைதான் வருகிறது. அறைக்குள் இருப்பது யார் என்று தெரியாமல் நான் இத்தனை நாள் தப்பான ஆளை விசாரித்துக்கொண்டிருந்தேன்.

மாதக் கடைசிச் சனிக்கிழமை மதியம் வருகிறேன். அந்தக் கதவைத் தட்ட வைத்துவிடாதே அக்கா. என்னால் முடியாது.

சின்னவள்


ஜூலை 22

சின்னவளுக்கு,

அந்த அறையில் உட்கார்ந்துதான் எழுதினேன். இதை வாசற்படியில் உட்கார்ந்து எழுதுகிறேன். வெயில் கண்ணைக் கூசுகிறது, எழுத்துக் கோணினால் பொறுத்துக்கொள்.

உன் கடிதம் வந்த அன்று தட்டு வைக்கவில்லை. மறுநாளும் வைக்கவில்லை. மூன்றாம் நாள் கை தானாகத் தட்டை எடுத்தது. அதை மேடைமேல் வைத்துவிட்டுத் தெருவுக்குப் போய்த் தச்சரைக் கூப்பிட்டு வந்தேன். "கதவு நல்லாத்தானே இருக்கு, ஏன் கழட்டணும்?" என்றார். "கழட்டுங்க" என்றேன். கீல் துருப்பிடித்திருந்தது. எண்ணெய் விட்டுத் தட்டித் தட்டி, ஒரு மணி நேரம் ஆயிற்று. எதிர்வீட்டுக்காரி வந்து பார்த்தாள். உள்ளே எட்டிப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள். என் கையைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

அவன் நோட்டையும் புத்தகங்களையும் அப்படியே வைத்திருக்கிறேன். மெத்தையை வெயிலில் போட்டேன். அவன் வந்தால் தட்ட வேண்டியதில்லை, நேராக உள்ளே போகலாம்.

கதவை என்ன செய்வது என்று தச்சர் கேட்டார். நாலு கால் வைத்துக் கொடுக்கச் சொன்னேன். மெஷினுக்குப் புது பெல்ட் போட்டேன். பிறகு கதவின் மேல் துணியை விரித்து, சாக்கட்டியால் கோடு போட்டு, பதினோரு சட்டையில் முதல் சட்டையை வெட்டினேன்.

அக்கா